ஒரு படி இறங்கி

உறைக்குள் நூற்றுப் பன்னிரண்டு பிராங்க்,
ஒரு யூரோக் குற்றி,
யாரோ தவறிப் போட்ட கறுப்புப் பொத்தான்.
முதியோர் இல்லத்துக் குசினியில்
என் கையில் திணித்தார்கள்.
சலவைப் பகுதி ஹூர்லிமான் அம்மாவுக்கு
வெள்ளிக்கிழமையோடு ஓய்வு.
எண்பத்தேழில் நேபாளம் போனவள்,
மலையேறிக் கால் கொப்பளித்த கதையைத்
தேநீர் வேளைதோறும் சொல்பவள்.
"நீயே போய் வாங்கு,
உனக்குத்தானே அந்தப் பக்கம் தெரியும்."

அந்தப் பக்கம்!
மன்னாரில் பிறந்தவன் நான்.
எங்கள் ஊரில் உயரமானது
உப்புக் குவியல்.
நான் முதன்முதல் பார்த்த பனி
பீல் நகரப் பேருந்துத் தரிப்பிடத்தில்
சேறாகிக் கிடந்தது.

ஆனாலும் போனேன்.
பழைய நகரத்து ஒடுங்கிய சந்து, மழை.
கடைக்குள் கம்பளி மணம், சாம்பிராணி மணம்,
கூடவே வறுத்த அவலும் பச்சை மிளகாயும்;
கிண்ணியைச் சட்டென்று மேசைக்கடியில் தள்ளினாள் கடைக்காரி.
பிரமிளா ஷாக்யா என்றது ரசீதுப் புத்தகம்.
சுவரெல்லாம் மரமுகங்கள்.
பல் நீட்டியவை, நாக்கு நீட்டியவை,
காதில் தள்ளுபடி அட்டை மாட்டிய ஒரு பைரவர்.
கம்பளிச் செருப்புகள், குழந்தை அளவில் மட்டும்.
கையால் செய்த தாளில் கட்டிய நோட்டுகள்,
எழுதினால் மை ஊறும் என்று அவளே சொன்னாள்.

பிறகு கிண்ணங்கள்.
ஏழு உலோகம் என்றாள்.
ஐந்தாகவும் இருக்கலாம் என்றாள்.
மரக்கட்டையால் விளிம்பைத் தேய்த்தேன்.
அடிப்பிடித்த பானையைச் சுரண்டும் கரகரப்பு.
மெதுவாக, என்றாள், பேருந்து பிடிக்கவா போகிறீர்கள்?
மெதுவாகச் சுற்றினேன்.
அடியிலிருந்து ஒரு ஒலி எழுந்து
மணிக்கட்டு வழியே ஏறி
கடைவாய்ப் பல்லில் போய் நின்றது,
போன மாதம் அடைத்த பல்லில்.

நூற்று நாற்பது.
நூறு.
இது சுவிஸ், விலை அட்டையில் இருக்கிறது.
அட்டை சுவிஸ். நீங்களுமா?
நூற்று முப்பத்தைந்து.
ஐந்தை முன்னும் முப்பதைப் பின்னுமாய்ச் சொல்லும் மொழியில்
இருவரும் ஒருமுறை தடுக்கி
ஒருவரையொருவர் திருத்தினோம்.

வேண்டாம் என்று கிண்ணத்தை வைத்தேன்.
கதவுவரை நடந்தேன்,
முதுகே காதாகிப் போகும் சந்தை நடை.
கூப்பிடவில்லை.
குடையோடு மல்லுக்கட்டுவதுபோல் நின்றேன்.
கூப்பிடவில்லை.
இந்த ஊர்க் காற்றுப் பட்டால்
வியாபாரிக்கும் தொண்டை கட்டிவிடும் போல.

திரும்பிப் பார்த்தேன்.
கைகட்டி நின்றாள்.
"சரியாகச் செய்யுங்கள்.
உள்ளே நிற்பவரை எப்படித் திருப்பிக் கூப்பிடுவது?
இன்னும் ஒரு படி இறங்குங்கள்."

இறங்கினேன்.
பாதி விரிந்த குடை,
கழுத்துப்பட்டிக்குள் குளிர்ந்த ஒரு துளி.
அப்போது வந்தது அந்தக் குரல்,
எதிரே சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்க்க:
"ஐயா! கடைசி விலை!"

பதினைந்து வருடமாய் என்னை யாரும்
இத்தனை உரக்கக் கூப்பிட்டதில்லை.

உறையை மேசையில் கவிழ்த்தேன்.
இதற்குமேல் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது.
நூற்றுப் பன்னிரண்டையும் இரண்டுதரம் எண்ணினாள்,
யூரோவை ஒதுக்கினாள்,
பொத்தானை எடுத்துத் தன் மேலங்கியில் வைத்துப் பார்த்து
பொருந்தாது என்று திருப்பித் தந்தாள்.
கிண்ணத்தடி ஒட்டுத்தாளை நகத்தால் உரித்தாள்.
அதில் எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை.
நான் எந்த ஊர் என்று அவளும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை, கேக் வெட்டியான பிறகு
ஹூர்லிமான் அம்மா கிண்ணத்தை ஒருமுறை தட்டினாள்.
ஒலி அடங்குமுன்பே எல்லோரும் கைதட்டிவிட்டார்கள்.
அவள் என் பக்கம் சாய்ந்து,
கை இன்னும் சோப்பு மணக்க,
தணிந்த குரலில் கேட்டாள்:
"கடைக்கு வெளியே இறங்கினாயா?"
"மழைக்குள்," என்றேன், "ஒரு படி."
"ஒன்றுதானா?"
முகத்தில் மெய்யான ஏமாற்றம்.
"நான் தெருமுனைவரை போனேன்."